வேலைக்குப் போகும் நான் மாற்றுத்திறனாளிச் சான்று கேட்கலாமா?

கடிதம் எழுதியிருக்கும் சகோதரிக்கு 39 வயது. சுயநிதி மெட்ரிக் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. மாதச் சம்பளம் 23,500 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு நோய்க்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு இடது தொடையிடுக்கில் வலி தொடங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் ஏ.வி.என். என்று தெரிந்தது. அதாவது, தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அந்த எலும்பு சிதைகிற நோய். இப்போது இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது, ஊன்றுகோல் இல்லாமல் அதிக தூரம் நடக்க முடியவில்லை. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றாவது ஒருநாள் தேவைப்படும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இவருக்கு ஒதுக்கிய வகுப்புகள் இரண்டாம் மாடியில். ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்குகிறார். கீழ்த்தளத்தில் வகுப்பு கேட்டபோது தாளாளர், "ரொம்பக் கஷ்டமா இருந்தா நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க மேடம், நாங்க தப்பா நினைக்க மாட்டோம்" என்றாராம். சான்று வாங்கலாம் என்று நினைத்தால், "வேலைக்குப் போறவங்களுக்குத் தரமாட்டாங்க, நடக்கவே முடியலைன்னு சொல்லணும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பணம் கொடுத்தால் 60 சதவீதப் பாதிப்பு என்று போட்டு வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். மாமியாரோ, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தியின் எதிர்காலத்தைச் சொல்லி, "ஊனம்னு கவர்மெண்ட்ல எழுதி வாங்கிட்டா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?" என்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "நான் தினமும் வேலைக்குப் போகிறேன், சம்பளம் வாங்குகிறேன். இதைக் கேட்பதே ஏமாற்று வேலை இல்லையா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன், மற்ற எல்லாக் கேள்விகளும் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. இல்லை, இது ஏமாற்று வேலை இல்லை. வேலை செய்ய முடியாதவருக்குத்தான் மாற்றுத்திறனாளிச் சான்று என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீத இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர் மாற்றுத்திறனாளியாக இருக்க முடியாது என்றால், அந்த ஒதுக்கீடு யாருக்கு? சட்டம் கேட்பது, உங்கள் உடலின் இயக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது, அது நீண்ட காலம் நீடிக்கக் கூடியதா என்பதை மட்டும்தான்.

பலரும் நினைப்பதுபோல இது வறுமைச் சான்றும் இல்லை, இயலாமைச் சான்றும் இல்லை. வலியோடு மாடி ஏறிப் பாடம் நடத்துகிறீர்கள் என்பதால் அந்த வலி பொய்யாகிவிடாது.

மருத்துவக் குழுவில் என்ன நடக்கும்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி மருத்துவமனைக்குப் போகாதீர்கள். உண்மையில் அங்கே என்ன பார்ப்பார்கள் என்று சொல்கிறேன்.

உங்களைப் படுக்கவைத்து, காலை மடக்கி, விரித்து, உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பார்கள். பாகைமானிக்கு இரண்டு கைகள் முளைத்ததுபோல ஒரு கருவி இருக்கும். அதை மூட்டின் மேல் வைத்து, எத்தனை பாகை வரை கால் போகிறது என்று குறிப்பார்கள். கணித ஆசிரியையான உங்களுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும். பிறகு தசையின் பலம். அப்புறம் இடுப்பெலும்பின் முன்முனையில் இருந்து உள்கணுக்கால் வரை டேப் வைத்து, இரண்டு காலின் நீளத்தையும் அளப்பார்கள். அடுத்தது நிலைத்தன்மை: சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, பாதித்த காலில் நிற்பது, குத்தவைத்து உட்காருவது, சம்மணம் போடுவது, மண்டியிடுவது, திரும்புவது. இவற்றையெல்லாம் சேர்த்து, அரசு அறிவித்திருக்கும் வழிகாட்டு முறைப்படி ஒரு கணக்குப் போட்டுத்தான் சதவீதம் வருகிறது.

இந்தப் பட்டியலில் "வேலைக்குப் போகிறீர்களா" என்ற கேள்வி எங்கேயும் இல்லை. அதேபோல, எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'மூன்றாம் நிலை' என்று போட்டிருப்பதும் சதவீதம் ஆகாது. ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பேருக்கு வேறு வேறு சதவீதம் வரலாம்.

இங்கே உங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞரான என்னிடம் வருகிறவர்களில் மிகைப்படுத்தி மாட்டிக்கொண்டவர்களைவிட, குறைத்துச் சொல்லி இழந்தவர்கள் அதிகம். அதிலும் பெண்கள். "சம்மணம் போட முடியுமா அம்மா?" என்று மருத்துவர் கேட்டால், "முடியும் சார்" என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து காட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் படுக்கையில் கிடந்ததைச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் அந்த ரகம்தான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. எட்டுப் பக்கத்தில் வலி என்ற சொல்லை மூன்று இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால், செருப்பு வாரை மாட்ட மகளைக் கூப்பிடுவதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதைத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்கூட்டரில் ஏற எந்தப் பக்கம் சாய்க்க வேண்டியிருக்கிறது, எத்தனை படிக்கு ஒருமுறை நிற்கிறீர்கள், கரும்பலகைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, இரவில் எந்தப் பக்கம் புரண்டால் விழிப்பு வருகிறது, எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நல்ல நாளையும் எழுதுங்கள், மோசமான நாளையும் எழுதுங்கள். போகிற அன்று ஊன்றுகோலை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வழக்கமான மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். நடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

சான்றுக்கும், யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் யு.டி.ஐ.டி. என்ற தேசிய இணையதளத்தில் செய்ய வேண்டும். தெரியாவிட்டால் இ-சேவை மையத்திலோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ கேளுங்கள். ஆதார், புகைப்படம், இதுவரையான மருத்துவ ஆவணங்கள் இவை போதும். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களை அறிக்கையோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். அறிக்கை மட்டும் போதும் என்று படத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய், இன்னொரு நாள் அலைந்தவர்கள் உண்டு.

40 என்ற எண்

பெரும்பாலான சலுகைகளுக்கும் இடஒதுக்கீட்டுக்கும் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். யு.டி.ஐ.டி. அட்டையின் நிறமே இதைச் சொல்லிவிடும்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முடிவு சரியில்லை என்று தோன்றினால் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம்.

40-க்குக் கீழே வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று மட்டும் நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட பலன்களுக்கான வரம்பு. ஒருவருடைய நிலைக்குத் தக்க நியாயமான வசதி செய்து தருவதற்கு அந்த வரம்பை நிபந்தனையாக வைக்க முடியாது. அந்த வழக்கைத் தொடர்ந்தவர் எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற பாதிப்பு உள்ளவர். தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆள் கேட்டார், நீதிமன்றம் அதற்கு இடம் கொடுத்தது. உங்கள் கீழ்த்தள வகுப்பறை அந்த 'நியாயமான வசதி' என்ற வகையில்தான் வருகிறது.

தரகரைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான பலனை மோசடியாகப் பெறுவது 91-ஆம் பிரிவின்படி குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நியாயமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றைப் பொய்யாக வாங்கி வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டிருப்பதற்கு உங்களுக்கு என்ன அவசியம்?

உங்களுக்கு உண்மையில் எது பயன்படும்

சலுகைப் பட்டியல் நீளமாக இருக்கும், அதைப் படித்தால் எல்லாமே நமக்குத்தான் என்று தோன்றும். உங்கள் நிலைமைக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

மாத உதவித்தொகையை எதிர்பார்க்காதீர்கள். நம் மாநிலத்தில் அவை பெரும்பாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், ஆதரவோ வருமானமோ இல்லாதவர்களுக்கும் உரியவை. சம்பளம் வாங்கும் உங்களுக்கு இப்போதைக்குப் பொருந்தாது. 80யு என்று எல்லோரும் சொல்கிற வருமான வரிக் கழிவு 75,000 ரூபாய், கடும் பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய். ஆனால் அது பழைய வரி முறையில் மட்டும்தான். உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது என்பதால் அதனால் லாபம் இல்லை. "என் மனைவி என்று சொல்லி நான் கழித்துக்கொள்ளலாமே" என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். அது 80யு இல்லை, தன்னைச் சார்ந்து வாழ்பவருக்காகச் செலவு செய்கிறவருக்கு உரிய வேறொரு பிரிவு. சொந்தமாகச் சம்பாதிக்கும் நீங்கள் அவரைச் சார்ந்திருப்பவர் என்று காட்டுவது சரியாக இருக்காது.

நகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்கள் ஏற்கெனவே கட்டணமில்லாமல்தான் போகிறோம். ரயில் சலுகை பெரியது, படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் 75 சதவீதம், கூட வருபவருக்கும் அதே அளவு. ஆனால் அதற்கு 'துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாதவர்' என்று அரசு மருத்துவர் தனியாகச் சான்று தர வேண்டும். ஊன்றுகோலோடு தனியாக வேலைக்குப் போய் வரும் உங்களுக்கு அது கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்படியானால் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டும் பெரியவை.

முதலாவது ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பொதுவாக மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்தான் அதில் சேர முடியும். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு அந்த வரம்பு 25,000. நீங்கள் வாங்குவது 23,500. சான்று இல்லையென்றால் வெளியே, 40 சதவீதத்துக்குக் குறையாத சான்று இருந்தால் உள்ளே. உங்கள் பள்ளி ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளி ஆயாவிடமோ அலுவலக உதவியாளரிடமோ சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேட்டாலே தெரிந்துவிடும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், மாதம் சுமார் 177 ரூபாய் வரும். நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். சந்தா கட்டத் தொடங்கிச் சில மாதங்கள் போன பிறகுதான் பெரிய அறுவை சிகிச்சைக்கான தகுதியும், விடுப்பில் இருக்கும்போது ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிற நோய்க்காலப் பலனும் வரும். மூட்டு மாற்று சிகிச்சைக்கு எங்கே கடன் வாங்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அந்தக் கணக்கையே இது மாற்றிவிடும். தள்ளிப்போடாமல் விண்ணப்பிக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, நான் முன்பே சொன்ன 4 சதவீத ஒதுக்கீடு. பி.எட். முடித்தவர் நீங்கள். 40 சதவீதம் வந்தால் அரசு ஆசிரியர் தேர்வுகளில் அந்தப் பிரிவில் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பிலும் தளர்வு உண்டு. ஒவ்வோர் அறிவிப்பையும் தனியாகப் படித்துப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டால் சான்று போய்விடுமா?

போகலாம், குறையலாம், அப்படியேயும் இருக்கலாம். மாறக்கூடிய நிலை என்று மருத்துவக் குழு கருதினால், காலவரம்பு போட்டுத் தற்காலிகச் சான்று தருவார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு மறுபடியும் அளப்பார்கள். சான்றுக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போது செய்வது என்பதை உங்கள் எலும்பு மருத்துவர் சொல்லட்டும். ஒரு அட்டைக்காக மட்டும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள். நன்றாக நடக்க முடிந்து சதவீதம் குறைந்தால், அதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

தாளாளரிடம் எப்படிப் பேசுவது

முதலில், ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்ற வாக்கியத்தை நான் பல கட்சிக்காரர்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். கேட்க அன்பாக இருக்கும். எழுதிக் கொடுத்த மறுநாள், "அவங்களாத்தான் போனாங்க" என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு உங்களுக்காக வாதாட எங்களிடம் அதிகம் இருக்காது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. பணியில் இருக்கும்போது உடல் பாதித்தவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியும் இறக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது 20-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. அரசு நிறுவனங்களுக்கான விதி அது. அரசு உதவி பெறும் நிறுவனங்களும் அந்த வரையறைக்குள் வருகின்றன. அதனால்தான் உதவி பெறும் பள்ளியில் இருக்கும் உங்கள் தோழிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. உங்களுடையது சுயநிதிப் பள்ளி. அதே கவசத்தை நேரடியாகப் போட்டுக்கொள்ள முடியாது.

ஆனால் வெறுங்கையோடும் நீங்கள் இல்லை. உடல் பாதிப்பைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 3-ஆம் பிரிவு. தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. 20 அல்லது அதற்கு மேல் ஊழியர் இருந்தால், அந்தக் கொள்கையில் என்னென்ன வசதிகள், யாரை அணுகுவது என்பதெல்லாம் இருக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சண்டைக்காரராகப் போகாமல், விவரம் தெரிந்தவராகப் போங்கள். பள்ளி மறுத்தாலோ தொல்லை தந்தாலோ, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் சில அதிகாரங்கள் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், தீர்ப்பு இல்லை. இருந்தாலும் ஆணையரிடம் இருந்து ஒரு அறிவிப்பு வந்த பிறகு, வாயால் பேசிக்கொண்டிருந்த நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

சான்று வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு கடிதம் கொடுங்கள். அதில் நோயின் வரலாறு வேண்டாம், அழுகையும் வேண்டாம். மருத்துவரின் ஒரு பக்கக் குறிப்பை இணைத்து, இவ்வளவு எழுதினால் போதும்: "இடுப்பு மூட்டுப் பாதிப்பால் அடிக்கடி மாடிப்படி ஏறுவதைத் தவிர்க்கும்படி மருத்துவர் கூறியுள்ளார். வரும் கல்வியாண்டில் எனக்குரிய வகுப்புகளைக் கீழ்த்தளத்தில் அமைத்துத் தரவும், தேர்வறைக் கண்காணிப்பின்போது நாற்காலி அனுமதிக்கவும், மேற்கத்திய வகைக் கழிப்பறையைப் பயன்படுத்த ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன். என் பாடவேளைகளில் குறைவு எதுவும் கேட்கவில்லை." கடைசி வாக்கியம் முக்கியம். உங்களை வைத்துக்கொள்வதால் பள்ளிக்குச் செலவு எதுவும் இல்லை, இரண்டு வகுப்பறைகளை மாற்றிப்போட்டால் போதும் என்று அது சொல்லிவிடுகிறது.

உங்கள் மாமியார் சொன்னதைக் கோபமில்லாமல் யோசித்துப் பார்த்தேன். அவர் பேத்திக்காகப் பயப்படுகிறார், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, இது பிறப்பிலேயே வந்ததோ பரம்பரையாக வருவதோ இல்லை, மருந்தின் பக்கவிளைவாக வந்தது என்று உங்கள் மருத்துவரே அவரிடம் நேரில் விளக்கட்டும். அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொன்று, அந்த அட்டை உங்கள் கைப்பையில் இருக்கப்போகிறது, வாசலில் மாட்டப்போவதில்லை. நீங்கள் ஊன்றுகோலோடு நடப்பதைத் தெருவே பார்க்கிறது. அட்டை வாங்காததால் அது யாருக்கும் தெரியாமல் போகப்போவதில்லை. உங்கள் மகள் தினமும் அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிடுகிறாள், அவளுக்கு எல்லாம் தெரியும். அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து பாடவேளை அட்டவணை போட்ட பிறகு கேட்டால், "இந்த வருஷம் முடிஞ்சு போச்சு மேடம்" என்பார்கள். அதனால் ஆண்டு விடுமுறைக்கு முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகை கேட்டு அனுப்பி, அந்த ஒப்புகை வந்ததும் மருத்துவக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.